கடையை மூடினால் போதை ஒழியுமா? (விவாத இழை)

இழையைத் தொடங்கியவர் | 4 ஜனவரி 2025, காலை 9.12

மதுவோ கஞ்சாவோ ஹெராயினோ, கடையை மூடி ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் ஒரு தலைமுறையில் ஒழிந்துவிடும். சுத்தமான ஊசி கொடுக்கிறேன், மாற்று மருந்து கொடுக்கிறேன், உட்கார்ந்து போட இடம் கொடுக்கிறேன் என்பதெல்லாம் போதைக்குத் துணை போவது. தீங்கைக் குறைக்கிறோம் என்ற பெயரில் அரசுகள் தோல்வியை மறைக்கின்றன. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

பதில் எழுதியவர் (இனி வரும் பதிவுகள் எல்லாம் இவருடையவை) | 4 ஜனவரி, இரவு 11.05

ஆதாரம் கேட்டீர்கள். முதல் ஆதாரம் உங்கள் பக்கமே நிற்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

1985 மே மாதம் சோவியத் யூனியனில் கோர்பச்சேவ் மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். உற்பத்தியை வெட்டினார்கள், விலையை ஏற்றினார்கள், விற்கும் நேரத்தைச் சுருக்கினார்கள், திராட்சைத் தோட்டங்களைக்கூடப் பிடுங்கிப் போட்டார்கள். ரஷ்யாவில் 1984ல் 62 வாக்கில் இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1987ல் 65ஐ நெருங்கியது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நாட்டின் ஆயுள் இப்படி ஏறுவது அபூர்வம். கிடைப்பது குறைந்தால் குடியும் குறையும், சாவும் குறையும். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அப்புறம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். வீட்டுக்கு வீடு காய்ச்ச ஆரம்பித்ததால் கடைகளில் சர்க்கரை கிடைக்காமல் போனது. வாசனைத் திரவியத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. வருமானம் போன அரசு 1988 வாக்கில் பிடியைத் தளர்த்தியது. 1994ல் அதே ஆண்களின் ஆயுள் 58க்கும் கீழே விழுந்தது. பொருளாதாரம் நொறுங்கியதும் காரணம், பழி முழுவதையும் வோட்கா மேல் போட முடியாது. ஆனாலும் மலிவு வோட்கா திரும்பி வந்தபோது குடிநோயாளியைத் தாங்கிப் பிடிக்க அங்கே ஏற்பாடு எதுவும் வளர்ந்திருக்கவில்லை.

மூடுவதற்கு ஓர் ஆணை போதும். மறுநாள் காலை கை நடுங்க எழுந்திருப்பவனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? என் கேள்வி அவ்வளவுதான்.

5 ஜனவரி, காலை 6.40

என் முந்தைய பதிவின் கடைசி வரியைப் பலர் கவிதையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போல. இல்லை, அது வார்டில் கண்டது.

நான் போதை மீட்பு வார்டில் இரவுப் பணி பார்த்த செவிலியர். பெருந்தொற்றின்போது மது விற்பனை ஒரே நாளில் நின்ற வாரம் பணியில் இருந்தேன். முதல் நாள் வார்டு காலியாகக் கிடந்தது. மறுநாள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி என்று சிலர் நடந்தே வந்தார்கள். அதற்கடுத்த இரவு வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர்வையில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். இன்னொருவர் வலிப்பில் நாக்கைக் கடித்து, சட்டை முழுக்க ரத்தம். எல்லோருமே வீட்டில் "நல்லவேளை, இனி குடிக்க முடியாது" என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் ஆட்கள்.

நடப்பது இதுதான். ஆல்கஹால் மூளையை அமுக்கிவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட எப்போதும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகியிருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்தால் அமுக்கியது போய்விடும், வேகம் மட்டும் மிஞ்சும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஹெராயினை நிறுத்தினால் படும் பாடு கொடுமை, ஆனால் அதனால் சாவது அரிது. சட்டங்கள் எதைப் பார்த்து அதிகம் பயப்படுகின்றன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேவை அதிகமில்லை. மூளையின் வேகத்தைத் தணிக்க டயசெபாம் மாதிரி ஒரு மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அந்த வாரம் ஆளுக்குத்தான் பஞ்சம்.

2020ல் கேரள அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் குடிநோயாளிக்கு மது தரலாம் என்று ஆணை போட்டது. மருத்துவர்கள் கொதித்தார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சீட்டில் பாட்டில் எழுதுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த பயம் நியாயமான பயம்.

5 ஜனவரி, இரவு 10.20

"அப்படியானால் மூடவே கூடாதா?" என்று கேட்ட நண்பருக்கு: அதே 2020ல் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். மார்ச் கடைசியில் விற்பனையை நிறுத்தினார்கள், ஜூன் முதல் தேதி திறந்தார்கள், ஜூலை நடுவில் மறுபடி நிறுத்தினார்கள். மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் காயத்தோடு வருபவர்கள் எண்ணிக்கை அதே தாளத்தில் இறங்கி, ஏறி, இறங்கியது. கத்திக்குத்து, வண்டி மோதல், வீட்டில் அடிவாங்கிய பெண்கள். ஊரடங்கும் ஒரு காரணம்தான், ஆனால் திறந்ததும் ஏறியதை ஊரடங்கால் விளக்க முடியாது.

விபத்துப் பிரிவு செவிலியரைக் கேட்டால் மூடச் சொல்வார். என் வார்டில் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்போம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

7 ஜனவரி, பிற்பகல் 2.15

கள்ளச்சாராயம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்.

கள்ளச்சாராயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். அது வயிற்றுக்குள் போனதும் அப்படியே கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கத் தொடங்க, கடைசியில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. கண்ணைப் பறிப்பதும் ஆளை முடிப்பதும் அந்த அமிலம். வேடிக்கை என்னவென்றால் அந்த நொதிக்கு மெத்தனாலைவிடச் சாதாரணக் குடிமதுவின் மேல்தான் பிரியம் அதிகம். அதனால் ஃபோமெபிசோல் என்ற விலையுயர்ந்த மருந்து இல்லாத இடங்களில் மருத்துவர்கள் அளந்து ஈத்தைல் ஆல்கஹால் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். கெட்ட சாராயத்துக்கு நல்ல சாராயமே மருந்து. இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் வைத்தியம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். அமிலத்தைச் சரிக்கட்டுவதும் டயாலிசிஸும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா மதுவிலக்கில் இருந்தபோது, தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்காமலிருக்க மெத்தனால் போன்ற நஞ்சுகளைச் சேர்க்கச் சொல்லியிருந்தது அரசு. கடத்தல்காரர்கள் அதைச் சுத்திகரித்து விற்றார்கள். 1926 கடைசியில் அரசு நஞ்சின் அளவைக் கூட்டத் தீர்மானித்தது. குடித்தவர்கள் செத்தார்கள். தீங்கைக் கூட்டுவதையே கொள்கையாக வைத்த அபூர்வமான சந்தர்ப்பம்!

அதே மதுவிலக்கில் முதல் ஆண்டுகளில் குடியும் கல்லீரல் சாவும் குறைவாகவே இருந்தன. இறக்கம் 1920க்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாலும் குறைந்தது குறைந்ததுதான். தடை முழுத் தோல்வி என்று ஒரே வரியில் எழுதுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

7 ஜனவரி, இரவு 9.50

மேலே உள்ளதன் தொடர்ச்சி. ஒளித்துக் கடத்த வேண்டுமென்றால் பீரை எவன் சுமப்பான்? சிறிய அளவில் அதிக வீரியம் இருப்பதைத்தான் சுமப்பான். 1986ல் ரிச்சர்ட் கோவன் என்பவர் இதைத் தடையின் இரும்பு விதி என்று எழுதினார். ஹெராயின் போய் அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்த கதையும் இதே பாதைதான். எஸ்டோனியாவில் 2002 வாக்கிலேயே வந்துவிட்டது, அமெரிக்காவுக்குப் பல ஆண்டு முன்னால்.

9 ஜனவரி, காலை 11.30

நீங்கள் எல்லோரும் மூடு, திற என்று இரண்டே சொல்லில் நிற்கிறீர்கள். நடுவில் விலை என்று ஒன்று இருக்கிறது.

ஸ்காட்லாந்து 2018 மே மாதம் முதல் ஒரு யூனிட் மதுவை, அதாவது 10 மில்லி தூய ஆல்கஹாலை, 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்றது. சட்டம் 2012லேயே நிறைவேறியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்குக்கு மேல் வழக்குப் போட்டு ஐந்தாண்டுக்கு மேல் இழுத்தது. எதிராளி இவ்வளவு செலவு செய்து தடுக்கிறான் என்றாலே திட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 2023ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள், சட்டம் இல்லாமலிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட 13.4 சதவீதம் குறைவு. ஏழைப் பகுதிகளில் இறக்கம் அதிகம். 2024 செப்டம்பரில் 65 பென்ஸாக ஏற்றியிருக்கிறார்கள்.

தலைகீழ்ச் சோதனையும் நடந்திருக்கிறது. பக்கத்து எஸ்டோனியாவிலிருந்து மலிவு சரக்கு வந்துவிடும் என்று பயந்து 2004ல் பின்லாந்து மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வெட்டியது. குடி ஏறியது, மது சார்ந்த மரணங்களும் ஏறின. பிறகு வரியைத் திரும்ப உயர்த்தினார்கள்.

ஆனால் (எனக்கு எப்போதும் ஓர் ஆனால் உண்டு) ஸ்காட்லாந்திலேயே ஏற்கெனவே குடிக்கு அடிமையானவர்களை ஆராய்ந்தபோது படம் வேறு. சிலர் சாப்பாட்டைக் குறைத்து அந்தப் பணத்தைப் பாட்டிலுக்குப் போட்டார்கள். இதை வார்டில் நானும் பார்த்திருக்கிறேன். விலை ஏறினால் குடியைக் குறைப்பவர் முதலில் குறைப்பது பீர், குடிநோயாளி முதலில் குறைப்பது மதியச் சாப்பாடு. வயிறு காய்ந்த குடிதான் மூளையைச் சீக்கிரம் தின்கிறது.

10 ஜனவரி, இரவு 11.40

ரேஷன் போட்டால் என்ன என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். ஸ்வீடன் நிஜமாகவே போட்டது.

ஐவன் பிராட் என்ற மருத்துவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆளுக்கொரு புத்தகம், வாங்கும் சாராயம் அதில் பதிவாகும், மாதத்துக்கு உச்ச வரம்பு. 1955 வரை நடந்தது. 1922ல் முழு மதுவிலக்கு வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது வேண்டாம் என்றவர்கள் 51 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49. ரேஷன் புத்தகம் என்ற மாற்று இல்லாமலிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் என்னைக் கவர்ந்தது, மொடாக்குடியரின் அளவுக்குத்தான் அது கடிவாளம் போட்டது. எப்போதாவது குடிப்பவருக்கு வரம்பு இருப்பதே தெரியாது. 1955 அக்டோபரில் புத்தகத்தை ஒழித்ததும் போதையில் கைதானவர்களும், பிதற்றல் நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களும் சட்டென்று கூடினார்கள். அரசு அலறியடித்து வரியை ஏற்றியது.

அசிங்கமான பக்கமும் உண்டு. யாருக்கு எவ்வளவு என்பதை வருமானத்தையும் அந்தஸ்தையும் பார்த்துத் தீர்மானித்தார்கள். திருமணமான பெண்களுக்குப் பொதுவாகப் புத்தகமே கிடையாது. ஒருவர் குடிக்கத் தகுதியானவரா என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவார். இன்றைக்கு இதைக் கைபேசிச் செயலியில் செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தரவு யார் கையில் இருக்கும் என்பதை முதலில் பேசுங்கள்.

13 ஜனவரி, இரவு 8.25

மது போதும், மற்றதற்கு வருவோம். போர்ச்சுகலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறீர்கள், பாதியோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

2001 ஜூலை முதல் அங்கே பத்து நாள் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவு போதைப் பொருள் கையில் இருந்தால் குற்றவழக்கு இல்லை. விற்றால் இன்றும் சிறைதான், யாரும் எதையும் சட்டபூர்வமாக்கவில்லை. பிடிபட்டவர் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன் போக வேண்டும். சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள். ஆள் நோயாளியா, சும்மா பழகுபவரா என்று பார்த்து அனுப்புவார்கள். கூடவே ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன், ஊசி மாற்றிக் கொடுப்பது, சிகிச்சை இடங்கள் எல்லாவற்றையும் பெருக்கினார்கள். ஊசி போடுபவர்களிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட எச்ஐவி, 2001ல் ஆயிரத்துக்கு மேல் இருந்தது, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நூற்றுக்கும் கீழே வந்தது.

இப்போது ஆரிகன். அமெரிக்க மாநிலம், 2020 நவம்பரில் வாக்களித்து 2021 பிப்ரவரி முதல் வைத்திருப்பதைக் குற்றமற்றதாக்கினார்கள். பிடிபட்டால் 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேசினால் அபராதமும் ரத்து. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதே நேரம் ஃபென்டனில் வந்து இறங்கியது. தெருவில் மக்கள் கண்ணெதிரே புகைப்பதைப் பார்த்துப் பொறுமை போய், 2024 செப்டம்பரிலிருந்து மறுபடி குற்றம். சாவு கூடியதற்குச் சட்டம் காரணமா ஃபென்டனிலா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கைது போன இடத்தில் போர்ச்சுகல் மூன்று மனிதர்களை உட்காரவைத்தது, ஆரிகன் ஒரு தொலைபேசி எண்ணை அச்சடித்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கேதான் என்பது என் எண்ணம். நோயாளி தானாக அழைப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஒரு ராத்திரி எங்கள் வார்டில் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணையே அச்சடித்திருக்க மாட்டார்கள்.

14 ஜனவரி, காலை 7.05

"ஊசி கொடுத்தால் ஊசி போடுபவன் பெருகுவான்" என்பவருக்கு: ஊசி கிடைக்கிறதே என்று ஹெராயின் தொடங்கிய ஒருவரை வார்டில் நான் சந்தித்ததில்லை. குடை விற்பதால் மழை வருவதில்லை.

16 ஜனவரி, நள்ளிரவு 12.30

எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

வேறொரு மையத்தில் (பெயர் வேண்டாம்) சில காலம் வேலை பார்த்தேன். மாத்திரை, மெத்தடோன் எதுவும் கிடையாது, பிரார்த்தனையும் கட்டுப்பாடும்தான். ஓபியாய்ட் (ஹெராயின் வகைப் போதை) பழக்கத்தோடு வந்த ஓர் இளைஞன் சொன்னதெல்லாம் கேட்டான், எடை கூடியது, சிரித்தான். வெளியே அனுப்பும் நாளில் கைதட்டி மாலை போட்டோம். இரண்டு வாரத்துக்குள் செத்துப்போனான். மறுபடி எடுத்தான், பழைய அளவையே எடுத்தான். உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை அதற்குள் மறந்திருந்தது. மூச்சு நின்றுவிட்டது.

இது விதிவிலக்கு இல்லை. சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில்தான் இப்படிச் சாகும் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது என்பது பல நாடுகளில் கண்டது. ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் போதும் என்கிற நண்பர் இந்த இரண்டு வாரத்துக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து 2011லிருந்து, விடுதலையாகிறவர் கையில் நலாக்சோன் கொடுத்து அனுப்புகிறது. மூளையில் ஓபியாய்ட் ஒட்டிக்கொள்ளும் இடங்களிலிருந்து போதையைத் தள்ளிவிட்டு மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான் அதன் ஆயுள், ஃபென்டனில் அதைத் தாண்டி நின்றால் ஆள் மறுபடி சாயலாம். அதனால் ஆம்புலன்ஸ் கட்டாயம். மதுவுக்கோ தூக்க மாத்திரைக்கோ வேலை செய்யாது.

அந்த மையத்தில் யாருக்கும் நலாக்சோன் என்ற பெயரே தெரியாது.

17 ஜனவரி, மாலை 6.10

ஸ்விட்சர்லாந்து பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சூரிச்சின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் வெட்டவெளியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992ல் பூங்காவைப் பூட்டினார்கள், கூட்டம் பக்கத்தில் லெட்டன் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. 1994ல், வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மருத்துவமனையிலேயே செவிலியர் கண்காணிப்பில் ஹெராயின் கொடுக்கத் தொடங்கினார்கள். லெட்டனை 1995ல் மூடியபோது இவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. 2008ல் மக்களிடமே கேட்டார்கள், 68 சதவீதம் பேர் தொடரச் சொன்னார்கள். பழமைவாத நாடு என்று பெயரெடுத்த நாடு அது.

2025 ஜனவரியில்தான் கிளாஸ்கோவில், கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ள பிரிட்டனின் முதல் அதிகாரபூர்வக் கூடம் திறந்தது. என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

19 ஜனவரி, காலை 10.00

திசைமாறி ஒரு குறிப்பு. ஆஸ்திரேலியாவில் 1991லிருந்து ரொட்டி மாவில் தயமின் சேர்ப்பது கட்டாயம். குடிநோயாளிகளுக்கு அந்த வைட்டமின் குறைந்து நினைவாற்றலே அழிந்துபோகும் வெர்னிக்கே கோர்சகாஃப் நோய் அதற்குப் பிறகு அங்கே குறைந்தது. ஒருவர்கூடக் குடியை நிறுத்தவில்லை, யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த போதைக் கொள்கை இதுதான்.

20 ஜனவரி, இரவு 9.15

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, "சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், உங்கள் நிலைப்பாடு என்ன?" என்கிறார். நியாயம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019ல் மதுவால் 26 லட்சம் பேர், மற்ற போதைப் பொருட்களால் 6 லட்சம் பேர் இறந்தார்கள். முதலாவதற்கு விளம்பரம் உண்டு, விளையாட்டுப் போட்டிக்கு நிதி உதவி உண்டு. அங்கே உங்களைவிடக் கடுமையாக இருப்பேன்: விளம்பரம் கூடாது, விலை ஏறிக்கொண்டே போக வேண்டும், விற்கும் நேரம் குறைய வேண்டும். கடையைக் குறைப்பதையும் ஆதரிப்பேன், படுக்கையும் மருந்தும் ஆளும் முன்கூட்டியே தயாராக இருந்தால். இரண்டாவதில் உபயோகிப்பவரைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தி, மாற்று மருந்தைச் சாதாரண மருத்துவர் எழுத விடுவேன். பிரான்ஸ் 1995, 96 வாக்கில் பொது மருத்துவர்களுக்குப் புப்ரினார்ஃபின் எழுத அனுமதி கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் ஹெராயினை அளவு மீறி எடுத்து நேரும் சாவு சுமார் 80 சதவீதம் விழுந்தது.

இதைத் துணை போவது என்று சொல்வீர்களானால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பையன் உயிரோடு இருந்திருந்தால் போதும், துணை போனேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

22 ஜனவரி, காலை 8.45

அண்ணன் பொங்கி எழுந்து "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்திருப்பதாகத் தனிமடலில் எழுதிய தங்கைக்கு, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே.

காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலையில் அவர் இருந்தால், வீட்டில் தானாக நிறுத்த விடாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மருத்துவமனையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன் அல்லது அதோடு தயமின் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் நான்கைந்து நாள் பக்கத்தில் ஓர் ஆள் இரவிலும் இருக்கட்டும். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அவர் குடித்திருந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சை நிறுத்திவிடும்.